ஓலே எவின்ரூட்

ஓலே எவின்ரூட் (ஏப்ரல் 19, 1877 – ஜூலை 12, 1934) நார்வேயில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த இயந்திர வினைஞர், கண்டுபிடிப்பாளர், தொழில் முனைவர் ஆவார். படகின் பின்பக்கத்தில் மாட்டவும் வேண்டாதபோது கழற்றவும் கூடிய வெளியிணைப்பு இயந்திரத்தை (அவுட்போர்டு மோட்டார்) நடைமுறைக்கு ஏற்ற வடிவில் உருவாக்கி, அதனைப் பெருமளவில் விற்றுக் காட்டியவர் என்பதால் இவர் நினைவுகூரப்படுகிறார். இவருடைய மனைவி பெஸ் எவின்ரூட் இத்தொழிலில் சம பங்கு உடையவர். அவரைத் தவிர்த்துவிட்டு ஓலேயின் வாழ்க்கையை எழுத இயலாது.

வெளியிணைப்பு இயந்திரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் எவின்ரூட் என்று பல நூல்கள் எழுதுகின்றன. இது சரியன்று. 1896லேயே நியூயார்க் பகுதியில் ஒரு நிறுவனம் இத்தகைய இயந்திரம் ஒன்றைச் செய்தது. டெட்ராயிட்டைச் சேர்ந்த கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1905இல் தம் இயந்திரத்தைச் சோதித்து, எவின்ரூட்டுக்கு முன்னரே விற்கவும் தொடங்கியிருந்தார். எனினும் இன்று உலகெங்கும் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களின் அடிப்படை அமைப்பு எவின்ரூட்டின் இயந்திரத்தில் இருந்ததே என்பதால், அவருக்கு உரிய இடம் இதனால் குறைந்துவிடுவதில்லை.

இளமைக்காலம்

ஓலே நார்வேயில் மியோசா ஏரியின் கரையில் உள்ள யோவிக் நகருக்கு அருகில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் ஆண்ட்ரியாஸ். அக்கால நார்வே வழக்கப்படி தந்தையின் பெயரும் வாழ்ந்த பண்ணையின் பெயருமே ஒருவரின் அடையாளங்கள். அமெரிக்காவுக்குச் சென்ற பின்னர் பண்ணை ஒன்றின் பெயரே எவின்ரூட் என்னும் குடும்பப் பெயராக நிலைத்தது. ஓலேக்கு ஐந்து வயதானபோது, 1882இல், குடும்பம் கடல் கடந்து விஸ்கொன்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகே ரிப்ளி ஏரியின் ஓரத்தில் குடியேறியது. அக்காலத்தில் நார்வேயிலிருந்து விஸ்கொன்சினுக்குச் சென்று உழவு செய்தோர் மிகப் பலர்.

முறையான பள்ளிக் கல்வி ஓலேக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. பண்ணைக் கருவிகளைப் பழுது பார்ப்பதில்தான் சிறுவனின் மனம் சென்றது. அவர் படகு கட்டிய கதை ஒன்று அடிக்கடி சொல்லப்படும். தந்தைக்குப் படகு என்றாலே ஆகாது. மகன் உழவனாகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓலே ஒளித்து வைத்துச் செய்த படகின் பாகங்களைத் தந்தை கண்டுபிடித்து அழித்துவிட்டார் என்றும், மகன் மீண்டும் மறைவாக ஒரு பாய்மரப் படகைக் கட்டி முடித்து, ஏரிக்கு வந்த கோடைக்கால விருந்தினரைக் காசுக்கு ஏற்றிச் சென்றபோது தந்தை மனம் மாறினார் என்றும் அக்கதை கூறும். சிறு மாற்றங்களுடன் பல இடங்களில் இது காணப்படுகிறது.

பட்டறைகளில்

16 வயதில் ஓலே மாநிலத் தலைநகரான மாடிசனுக்குச் சென்று, பண்ணை இயந்திரங்கள் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றார். இரவில் கணிதமும் பொறியியலும் தாமே படித்தார். பின்னர் பிட்ஸ்பர்க், சிகாகோ, மில்வாக்கி நகரங்களில் இரும்புத் தொழிற்சாலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் பணிபுரிந்தார். வார்ப்பு அச்சு செய்யும் தொழிலில் (உருக்கிய உலோகத்தை ஊற்றும் மணல் அச்சுக்கு மரத்தால் மாதிரி செய்வது) அவர் தேர்ந்தவரானார். கல்லூரியில் பட்டம் பெற்ற நம்மைப் போன்றோர் பாடநூலில் ஒரு பக்கத்தில் படித்துக் கடந்துவிடும் இவ்வேலைக்குக் கண்ணும் கையும் கணக்கும் ஒருங்கே தேவை. பின்னாளில் அவர் இயந்திரங்கள் வடிவு பெற்ற விதத்தை இந்தத் தொழிலறிவே தீர்மானித்தது.

அப்போது பெட்ரோல் எஞ்சின் புதிது. 1900ஆம் ஆண்டு ஓலே ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து மில்வாக்கியில் கிளெமிக் அண்டு எவின்ரூட் என்ற பெயரில், கேட்டவருக்குக் கேட்டபடி எஞ்சின் செய்து தரும் பட்டறையைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. மோட்டார் வண்டிகளுக்கான எஞ்சின் முயற்சிகளும் கைகொடுக்கவில்லை. இயந்திரம் செய்வதில் அவருக்கு இருந்த திறமை, கடிதம் எழுதுவதிலும் கடனை வசூலிப்பதிலும் இல்லை.

பெஸ்

பெஸ் எமிலி கேரி பட்டறைக்கு அருகில் வசித்த இளம்பெண். வணிகக் கல்வி பயின்றவர். ஓலேயின் பட்டறைக் கடிதங்களையும் கணக்குகளையும் மாலை நேரங்களில் கவனித்துக் கொள்ளத் தொடங்கினார். ஓலே பெரிய உடலும் குறைந்த பேச்சும் கொண்டவர். பெஸ் சிறிய உருவமும் கூர்மையான வணிக அறிவும் கொண்டவர். இருவரும் 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திருமணம் செய்து கொண்டனர். அவர்களின் ஒரே மகன் ரால்ஃப் 1907 செப்டம்பரில் பிறந்தார்.

திருமணத்திற்கு முந்தைய ஒரு கோடைநாளில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிதான் எவின்ரூட்டின் பெயரோடு என்றும் சேர்ந்து வருவது. நண்பர்களோடு மில்வாக்கிக்கு மேற்கே உள்ள ஓகாச்சி ஏரிக்கு உலாச் சென்றிருந்தபோது, பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாராம். ஓலே சுமார் இரண்டரை மைல் துடுப்பு வலித்துக் கரைக்குச் சென்று வாங்கிக்கொண்டு, மீண்டும் அதே தூரம் வலித்து வந்தார். வந்து சேர்வதற்குள் அது உருகிவிட்டது. படகுக்கு ஓர் எஞ்சின் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது என்பர். இந்நிகழ்ச்சியின் ஆண்டை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாகத் தருகிறது. விற்பனைக்கு உதவும் நல்ல கதை என்பதால் நிறுவனமே அதனை விரும்பிப் பரப்பியது என்பதையும் படிப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதல் இயந்திரம்

1907 முதல் ஓலே சோதனை இயந்திரங்களைச் செய்தார். முதலாவதைக் கண்ட பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் போல இருக்கிறது என்று கேலி செய்தாராம். விற்பனைக்கான இயந்திரங்கள் 1909இல் வெளிவந்தன. ஒற்றை சிலிண்டர், இரண்டு வீச்சுச் சுழற்சி, ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு (28 கிலோகிராம்). விலையும் 62 டாலர். சாதாரணத் துடுப்புப் படகு ஒன்றை மணிக்கு ஐந்து மைல் அளவில் இது செலுத்தியது.

இதன் அமைப்பைச் சற்று விளக்குவது மாணவர்களுக்குப் பயன்படும். சிலிண்டர் கிடையாகப் படுத்திருக்கும். வணரித் தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) செங்குத்தாக நிற்கும். தண்டின் மேல்முனையில் கனமான பறப்புச் சக்கரம். அதில் ஒரு கைப்பிடிக் குமிழ். அதைப் பிடித்துச் சுழற்றியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பிய எஞ்சினில் குமிழ் தானும் சுழலும் ஆகையால் கையை எடுக்கத் தாமதித்தவரின் விரல் முட்டிகள் அடிபடும். தண்டின் திருப்பு விசை நீண்ட குழாய் வழியே நேராக நீருக்குள் இறங்கும். அங்கே நீர்புகாத ஒரு சிறு கூட்டுக்குள் இரு சாய்வுப் பற்சக்கரங்கள் அவ்விசையை 90 பாகை திருப்பிப் புரொப்பெல்லருக்குத் தரும். சங்கிலி இல்லை, வார்ப்பட்டை இல்லை. கிடைச் சிலிண்டர், செங்குத்துத் தண்டு, நீருக்கடியில் பற்சக்கரம் என்ற இந்த வரிசை நூறாண்டுக்குப் பின்னும் மாறவில்லை. இதற்கான அமெரிக்கக் காப்புரிமை (எண் 1,001,260) 1911 ஆகஸ்டில் வழங்கப்பட்டது.

இயந்திரத்தை நண்பர் ஒருவர் ஏரிக்கு எடுத்துச் சென்று, மறுநாள் பத்துப் பேரின் கொள்முதல் ஆணையோடும் பணத்தோடும் திரும்பினார் என்று கூறப்படுகிறது. விளம்பரத்தைப் பெஸ் எழுதினார். துடுப்பு வலிப்பதை விட்டுவிட்டு இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தச் சொல்லும் அந்தச் சுருக்கமான வாசகம் அமெரிக்க விளம்பர வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஓலே உறங்கிய பின் பெஸ் சமையலறை மேசையில் அமர்ந்து வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். நியூயார்க்கில் இருந்த ஓர் ஏற்றுமதி வணிகர் விளம்பரத்தைக் கண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு இயந்திரங்களை வாங்கி அனுப்பத் தொடங்கினார். இவ்வாறு, ஐந்து வயதில் நார்வேயை விட்டு வந்தவரின் எஞ்சின் நார்வே மீனவரிடம் போய்ச் சேர்ந்தது.

பிரிவு

தொழிலுக்கு முதல் போதவில்லை. கிறிஸ் மேயர் என்ற, இழுவைப் படகுத் தொழில் நடத்திய மில்வாக்கிக்காரர் பணம் போட்டுப் பங்காளியானார். எவின்ரூட் மோட்டார் கம்பெனி விரைவாக வளர்ந்தது. அலுவலகம் முழுவதும் பெஸ்ஸின் பொறுப்பில் இருந்தது. அளவுமீறிய வேலையால் அவர் உடல்நலம் கெட்டது. மனைவியின் உயிரா தொழிலா என்ற நிலையில் ஓலே தயங்கவில்லை. 1914இல் தம் பங்கை மேயரிடமே விற்றுவிட்டு வெளியேறினார். ஐந்தாண்டுகளுக்கு வெளியிணைப்பு இயந்திரத் தொழிலில் ஈடுபடுவதில்லை என்பது ஒப்பந்தம். தம் சொந்தப் பெயரையே இவ்விற்பனையில் அவர் விட்டுக்கொடுத்தார். ஆகவே 1914க்கும் 1929க்கும் இடையில் எவின்ரூட் என்ற பெயரில் வந்த இயந்திரங்களுக்கும் ஓலேக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல குறிப்பேடுகள் இதைக் கவனிப்பதில்லை.

பெஸ் தேறும்வரை குடும்பம் மோட்டார் வண்டியிலும் படகிலும் நாட்டைச் சுற்றியது. ஆனால் ஓலே சும்மா இருக்கக்கூடியவர் அல்லர். படகிலேயே அவர் சிந்தனையில் உருவானது அடுத்த இயந்திரம்.

எல்டோ

முதல் இயந்திரம் ஒற்றை சிலிண்டர் ஆனதால் கடுமையாக அதிரும். இரும்பும் வெண்கலமும் ஆனதால் கனம் மிகுதி. புதிய வடிவில் இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்து ஒரே நேரத்தில் வெடிக்கும். ஒன்றின் உதறலை மற்றொன்று சமன் செய்துவிடும். போர்க்காலத்தில் வானூர்திகளால் வளர்ந்திருந்த அலுமினிய வார்ப்பை ஓலே தாராளமாகக் கையாண்டார். மூன்று குதிரைத்திறன் தந்த இந்த இயந்திரம் ஐம்பது பவுண்டுக்கும் குறைந்த எடை கொண்டது. பழையதைவிட இரு மடங்கு திறன். எடையோ கணிசமாகக் குறைவு.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஓலே முதலில் சென்றது மேயரிடம்தான். மேயர் வேண்டாம் என்றார். உள்ள இயந்திரம் நன்றாக விற்கும்போது புதிய வார்ப்புகளில் பணம் போட அவர் விரும்பவில்லை. ஓர் உற்பத்தியாளரின் நோக்கில் அது அறிவற்ற முடிவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அம்முடிவு அவர் நிறுவனத்தைப் பின்தள்ளியது. ஓலேயும் பெஸ்ஸும் மீண்டும் தாமே தொடங்கினர். தம் பெயரைத் தாமே பயன்படுத்த முடியாத நிலையில், எவின்ரூட்டின் இலகுவான இரட்டை சிலிண்டர் வெளியிணைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து எல்டோ என்று பெயரிட்டனர். பெயர் பெஸ்ஸின் யோசனை. 1921 முதல் எல்டோ இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. மின்கலத்தால் தீப்பொறி தரும் அமைப்பு இருந்ததால் பறப்புச் சக்கரத்தைக் கால்வட்டம் தட்டினாலே எஞ்சின் கிளம்பியது. முட்டி உடைக்கும் பழைய இயந்திரத்தோடு போராடியவர்களுக்கு இது பெரும் விடுதலையாக இருந்திருக்கும்.

எனினும் போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. இந்தியானா மாநிலத்து ஜான்சன் சகோதரர்கள் 1922இல் வெளியிட்ட இரட்டை சிலிண்டர் இயந்திரம் வெறும் 35 பவுண்டு எடை கொண்டது. மின்கலம் தேவையில்லை, பறப்புச் சக்கர மாக்னெட்டோ இருந்தது. இயந்திரத்தை முழுவட்டம் திருப்பிப் படகைப் பின்னோக்கிச் செலுத்தவும் முடிந்தது. 1920களின் நடுவில் ஜான்சன் நிறுவனம் முன்னணிக்கு வந்தது. வேகப் படகுப் போட்டிகள் மக்களைக் கவர்ந்த காலம் அது. 1928இல் எல்டோ குவாட் என்ற நான்கு சிலிண்டர், 18 குதிரைத்திறன் இயந்திரம் ஓலேயின் விடையாக வந்தது. இரண்டு இரட்டை எஞ்சின்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போன்ற வடிவம் அது.

இணைப்பும் இறுதியும்

இதற்கிடையில் மேயர் நிறுவனத்தை விட்டு நீங்கினார். கைமாறிய எவின்ரூட் கம்பெனி, சிறு எஞ்சின்களுக்குப் பெயர் பெற்ற பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் நிறுவனத்தின் ஸ்டீபன் பிரிக்ஸ் வசம் வந்தது. 1929இல் எவின்ரூட், எல்டோ, மிச்சிகன் மாநிலத்து லாக்வுட் ஆகிய மூன்றும் இணைந்து அவுட்போர்டு மோட்டார்ஸ் கார்ப்பரேஷன் ஆயின. ஓலே தலைவரானார். 15 ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயர் அவரிடம் திரும்பியது. மகன் ரால்ஃபும் தொழிலில் இருந்தார்.

அதே ஆண்டின் இறுதியில் பங்குச்சந்தை வீழ்ந்து பெருமந்தம் தொடங்கியது. பொழுதுபோக்குப் படகுக்கு எஞ்சின் வாங்க எவரிடமும் பணம் இல்லை. பெஸ் ஏற்கனவே உடல்நலம் குன்றி ஓய்வு பெற்றிருந்தார். 1933 மே மாதம் காலமானார். ஓலே அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை. 14 மாதங்களுக்குப் பின், 1934 ஜூலை 12 அன்று மில்வாக்கியில், தம் 57ஆம் வயதில் இறந்தார்.

மந்தத்தில் கடன்கொடுத்தோர் கைக்குச் சென்றுவிட்ட ஜான்சன் நிறுவனத்தை ரால்ஃப் எவின்ரூட்டும் ஸ்டீபன் பிரிக்ஸும் 1935இல் வாங்கினர். 1936இல் இவை அனைத்தும் சேர்ந்து அமைந்த நிறுவனமே பின்னர் 1956இல் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. ரால்ஃப் 1955இல் பாடகியும் நடிகையுமான பிரான்சிஸ் லாங்ஃபோர்டை மணந்தார், 1986இல் காலமானார். 2000 டிசம்பரில் நிறுவனம் நொடித்தது. எவின்ரூட், ஜான்சன் பெயர்களைக் கனடாவின் பொம்பார்டியர் 2001இல் வாங்கியது. அதிலிருந்து பிரிந்த பி.ஆர்.பி. நிறுவனம் 2020 மே மாதத்தில் எவின்ரூட் இயந்திர உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1977இல் வெளிவந்த டிஸ்னியின் தி ரெஸ்கியூவர்ஸ் கேலிச்சித்திரப் படத்தில் இலைப்படகைத் தள்ளிச் செல்லும் தும்பிக்கு எவின்ரூட் என்றே பெயர்.

பழைய இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும்

ஓலே காலத்து இயந்திரங்களைத் தேடி எடுத்து மீண்டும் ஓட வைப்போர் பல நாடுகளில் உள்ளனர். ஐக்கிய அமெரிக்காவில் 1965இல் இதற்கென ஒரு சங்கமே (ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப்) தொடங்கப்பட்டது. இவர்களுக்குத் தலையாய இடர் உதிரிப்பாகம் கிடைக்காமையே. மேலே கூறிய நிறுவன வரலாறு இங்கே வெறும் வரலாறாக இல்லாமல் கருவியாகப் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டாக, பெயர்ப்பலகையில் எவின்ரூட் என்று இருக்கும் 1920களின் இயந்திரத்திற்கு அதே ஆண்டு எல்டோவின் பாகம் பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு தொழிற்சாலைகளின், போட்டி நிறுவனங்களின் பொருட்கள். 1929க்குப் பிறகோ நிலைமை தலைகீழ். ஒரே இயந்திரம் எவின்ரூட் என்றும் எல்டோ என்றும் இரு பெயர்களில் விற்கப்பட்டது. அப்போது பெயரை நம்பித் தேடுபவர், பக்கத்திலேயே இருக்கும் சரியான பாகத்தைத் தவற விடுவார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இயந்திரங்களில் இது இன்னும் எளிது. 1950களின் எவின்ரூட், ஜான்சன் இயந்திரங்களிலும், அதே குழுமத்தின் கேல் தொழிற்சாலை பிற வணிகப் பெயர்களில் செய்து கொடுத்த இயந்திரங்களிலும் ஒரே வகை மாக்னெட்டோ பரவலாகப் பயன்பட்டது. அதன் சுருள்கள் காலப்போக்கில் உறை வெடித்துச் செயலிழப்பவை; மாற்றுச் சுருள்கள் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. எனவே முதலில் தேட வேண்டியது பெயரை அன்று, பொறிக்கப்பட்டுள்ள மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும். பழைய உதிரிப்பாகப் பட்டியல் நூல்களும் அவற்றின் மறுபதிப்புகளும் இந்த எண்களைக் கொண்டே அமைந்தவை.

தேய்ந்த பாகங்கள் எல்லாம் ஒரே அளவு தொல்லை தருவன அல்ல. பிஸ்டன் வளையங்களை விட்டமும் அகலமும் சொல்லி வாங்கிவிடலாம். எந்த எஞ்சினுக்கு என்று கேட்க வேண்டியதில்லை. காஸ்கெட்டைத் தாளில் வெட்டிக் கொள்ளலாம். வெண்கலப் புஷ்களை எந்தக் கடைசல் பட்டறையும் செய்து தரும். கார்புரேட்டரின் தக்கை மிதவைக்குப் பூசிய அரக்கு எரிசாராயம் கலந்த இன்றைய பெட்ரோலில் கரைந்துவிடும். மிதவை எரிபொருளைக் குடித்து மூழ்கும். வேறு தக்கையைச் செதுக்கி, எரிசாராயத்தைத் தாங்கும் பூச்சு இடுவர். தீப்பொறிச் செருகியில் சற்றுக் கவனம் வேண்டும். அக்கால அமெரிக்க எஞ்சின்கள் பலவற்றில் 7/8 அங்குல மரை இருந்தது. கடையில் கிடைக்கும் செருகி அதில் ஏறாது. பழைய இருப்பைத் தேட வேண்டும், அல்லது இடைவளையம் செய்து சிறிய செருகியைப் பொருத்த வேண்டும்.

உண்மையான சிக்கல் வார்ப்புகளில்தான். குளிர்நாடுகளில் நீர்க்கூட்டில் வடிக்காமல் விட்ட தண்ணீர் உறைந்து சிலிண்டரைப் பிளந்திருக்கும். 1920களின் துத்தநாகக் கலவை வார்ப்புகளோ வேறு விதமாகச் சாகும். துத்தநாகத்தில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தால், துகள்களின் எல்லை வழியே அரிப்பு உள்ளே பரவி, பாகம் உப்பி, வெடித்து, கையால் நொறுக்கக்கூடியதாகிவிடும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்த புதிய பாகமும் இதற்குத் தப்பாது. தூய துத்தநாகத்தைக் கொண்ட கலவைகள் 1929க்குப் பின்னரே பரவின. ஆகவே அக்காலத்துக் கார்புரேட்டர் உடலை விலை கொடுத்து வாங்குமுன் அதன் பரப்பில் நுண்ணிய வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பது அறிவுடைமை.

இத்தகைய பாகத்திற்கு இரண்டே வழிகள். ஒன்று, ஓடாத இன்னொரு இயந்திரத்தை வாங்கி அதிலிருந்து கழற்றுவது. சேகரிப்போர் இரண்டு மூன்று சிதைந்த இயந்திரங்களைக் கொண்டு ஒன்றை எழுப்புவது வழக்கம். அரிய இயந்திரங்களில் இது மனத்தை உறுத்தும் செயல். கழற்றப்படுவதும் கடைசிச் சிலவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். ஆகையால் அனுபவமுள்ளோர் எஞ்சியவற்றை எறிவதில்லை. உருக்குலைந்த உறையும் ஒருநாள் மாதிரியாகப் பயன்படும்.

மற்றது, புதிதாக வார்ப்பது. பழைய பாகத்தையே மணலில் பதித்து வார்த்தால் வருவது சிறிதாக இருக்கும், ஏனெனில் உலோகம் குளிரும்போது சுருங்குகிறது. அலுமினியத்துக்கு இச்சுருக்கம் ஏறத்தாழ 1.3 விழுக்காடு, 200 மில்லிமீட்டர் நீளமுள்ள கூட்டில் 2.6 மில்லிமீட்டர் குறைந்துவிடும். திருகுத் துளைகள் ஒன்றோடொன்று சேரா. எனவே பழையதன்மேல் மெழுகோ பசையோ ஏற்றிப் பெருக்க வேண்டும், அல்லது சுருக்கத்தைக் கணக்கிட்டு மரத்தில் மாதிரி செய்ய வேண்டும். இப்போது சிலர் பழைய பாகத்தைக் கணினியில் அளந்து, வேண்டிய விழுக்காடு பெருக்கி, முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரியை எடுக்கின்றனர். மாதிரி கணினியிலிருந்து வந்தாலும் அதன்பின் நடப்பது மணலும் உருக்கிய உலோகமும் கொண்டு ஓலே மில்வாக்கியில் செய்த அதே வேலைதான்.

சாய்வுப் பற்சக்கரங்களை இவ்வாறு வார்த்துவிட முடியாது. பல்லின் எண்ணிக்கை, சாய்கோணம், இரு சக்கரங்களின் விகிதம் ஆகியவற்றை அளந்து, எஃகில் வெட்டிக் கடினப்படுத்த வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் பழுது என்றாலும் இரண்டையும் சேர்த்துச் செய்வதே முறை. தேய்ந்த பல்லோடு புதிய பல் ஒத்துப்போகாது.

பாகங்கள் எல்லாம் கிடைத்து இயந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு தவறு அதனை மீண்டும் உதிரிகளாக்கிவிடும். பழைய எஞ்சின்களில் உருளைத் தாங்கிகள் இல்லை. தண்டு வெண்கலப் புஷ்ஷில் நேரடியாகச் சுழல்கிறது. பிற்கால இரண்டு வீச்சு எஞ்சின்களுக்கு உரிய 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்ற கலவை இவற்றுக்குப் போதாது. குறைந்தது 16க்கு 1, அதாவது ஓர் அமெரிக்க கேலனுக்கு அரை பைன்ட் எண்ணெய் சேர்க்க வேண்டும். புகை மிகுதியாக வரும். அது வந்துதான் ஆக வேண்டும்.